செல்லூரில் ஒரு வெள்ளிக் கிரகம்

மதுரை வெயிலைக் குளுகுளு என்று சொன்ன ஒரே மனிதன் எங்கள் ‘மண்டலம்’தான். அவன் சொந்தப் பெயர் அவன் அப்பாவுக்கே மறந்திருக்கும். ஊர் உசிலம்பட்டி. பல்கலைக்கழகத்தில் கோள்களின் வளிமண்டல இயற்பியல் படித்தபோது, செல்லூரில் ஒரே வாடகை அறையில் இருவரும் கிடந்தோம். பக்கத்து வீட்டு விசைத்தறி ஓயாது. அதைவிட ஓயாதவன் இவன். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு அசந்து வருகிறது.

“யப்பா, இம்புட்டு வெயிலா!” என்று நான் பஸ்ஸிலிருந்து வந்து விழுந்தால் போதும்.

“வெள்ளிக் கிரகத்துல ஈயமே உருகிரும் மாப்ள. இதுக்குப் போயி அலுத்துக்கிற?”

அவன் அப்பாவுக்கு மானாவாரி நிலம். மழை வருமா என்று போனில் கேட்பார்.

“வெள்ளியில அமில மழை பெய்யும்ப்பா. தரைக்கு வாரதுக்குள்ள ஆவியாப் போயிரும்.”

“இங்கயும் அதே கததான்டா” என்று அவர் போனை வைத்துவிடுவார்.

எனக்கோ அந்தப் பாடத்தில் அரியர். இந்த முறையும் கோட்டைவிட்டால், கிடைத்திருந்த வேலை கைநழுவிவிடும். ஆனால் புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி. “போனாப் போகுது, விடுடா” என்று படுத்துவிட்டேன்.

மண்டலம் விடுவானா? பரீட்சைக்கு முதல் நாள் மத்தியானம் கண் விழித்தால், உடம்பெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது. ஃபேன் ஓடவில்லை. வெயில் வரக் கண்ணாடி ஜன்னலை மட்டும் விட்டுவிட்டு, கதவிடுக்கிலும் வெண்டிலேட்டரிலும் என் போர்வை, கைலி எல்லாவற்றையும் திணித்து வைத்திருந்தான்.

“இப்பச் சொல்லு, உள்ள வந்த சூடு ஏன் வெளிய போகல?”

“நீ என் கைலியத் திணிச்சு வச்சிருக்கடா, பாவி!”

“வெள்ளியில உன் கைலிக்குப் பதிலா கார்பன் டை ஆக்சைடு அடைச்சு நிக்கிது. அம்புட்டுத்தான் பாடம்!”

சத்தம் கேட்டு வந்த வீட்டுக்கார பாய் கதவைத் தள்ளிப் பார்த்து மிரண்டுபோனார். “என்ன தம்பி, பிரியாணிக்குத் தம் போடுறீங்களா?”

மறுநாள் கேள்வித்தாளில் வெள்ளியின் சூட்டுக்குக் காரணம் கேட்டிருந்தார்கள். எழுதிய வேகத்தில் ‘தம் போட்டதுபோல’ என்று எழுதிவிட்டு, பதறிப்போய் அந்த வரியை அடித்துவிட்டேன்.

ரிசல்ட்டை எனக்கு முன்னால் பார்த்தவனும் அவன்தான். “மாப்ள பாஸு!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். பிறகு உள்ளே போய்த் தன் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தான். வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவனுக்கு இடம் கிடைத்து நாளாகிவிட்டதாம். சேரும் தேதியைக் கெஞ்சித் தள்ளிப்போட்டிருக்கிறான். என்னிடம் மூச்சுவிடவில்லை.

“லூசாடா நீ? அப்பவே போயிருக்க வேண்டியதுதான?”

“நீ பெயிலாயிட்டா, மறுபடி உன்னய யாரு உக்கார வச்சுச் சொல்லிக் குடுக்கிறது?”

பெட்டியை நானே தூக்கிக்கொண்டு ரயிலடி வரை போனேன். வழியெல்லாம் செவ்வாயின் புழுதிப் புயலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். அன்றைக்கு மட்டும் அவன் பேச்சை நிறுத்திவிடக் கூடாதே என்று இருந்தது.