கொட்டகைச் சுவரில் என் மூஞ்சி

என் மூஞ்சியை எடுத்து எருமைக்கு வைத்தவர் லேபிள்தான். வேறு யாரும் இல்லை. எதிரில் நிற்பவனைக் கொதிக்க வைத்துவிட்டுத் தான் மட்டும் குளிர்ந்து நிற்பதில் அவரை மிஞ்ச சிவகாசி வட்டாரத்தில் ஆள் கிடையாது.

பட்டாசுப் பெட்டியில் ஒட்டும் லேபிளுக்குப் படம் வரைபவர். அதனால் லேபிள். முப்பது வருடம் மயிலும் புலியுமாக வரைந்தவர். நான் ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசு கம்பெனி போர்மேன். எனக்குத் தெரிந்த வேலை கத்துவது. வெடிமருந்து அறைக்குள் செல்போன் கொண்டுவந்தவனைத் திட்டிப் பழகி, வீட்டில் சாம்பாரில் உப்பு குறைந்தாலும் அதே குரல்தான் வரும்.

கொரோனா வந்த வருடம், தீபாவளி சீசன் லேபிளுக்கு மாதிரி காட்ட எங்கள் கம்பெனிக்கு வந்தவர், பஸ் நின்றுபோய் மாட்டிக்கொண்டார். மாட்டை விற்றுவிட்டதால் என் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை காலியாகக் கிடந்தது. "நாலு நாள் இருங்க" என்றேன். மூன்று மாதம் இருந்தார்.

சும்மா இருக்க முடியாமல் ஊரை வரைய ஆரம்பித்தார். கரி, காவி, சுண்ணாம்பு, கண்மாய்க் கரம்பை மண், இவைதான் பெயின்ட். அப்போதுதான் முதல் தடவையாக ஆட்டைப் பார்ப்பவர் போல அதன் முன்னால் அரைமணி நேரம் குத்தவைத்திருப்பார். ஆனால் கைப்பழக்கம் போகவில்லை. வேலிக்கருவை, கம்மங்காடு, கொக்கு, எதை வரைந்தாலும் பின்னால் மத்தாப்பு மாதிரி கோடுகள் விரியும். கீழ்மூலையில் ஒரு கட்டம் காலியாக இருக்கும்.

"இது என்னய்யா வெறுமையா கெடக்கு?"

"கம்பெனி பேருக்கு, அண்ணாச்சி."

"ஆட்டுக்கு ஏதுய்யா கம்பெனி?"

கட்டத்தின் ஓரக் கோட்டை இன்னொரு தடவை இழுத்தார். "இருந்தாலும் எடம் விட்டுறணும்ல."

ஒரு நாள், நிலா மினுங்குவதற்கு, வெடிமருந்தில் சேர்க்கிற அலுமினியப் பவுடர் கம்பெனியிலிருந்து ஒரு பிடி கிடைக்குமா என்று கேட்டார். நான் கத்திய கத்தில் அடுத்த தெரு நாய் எழுந்து போனது.

பிறகு எனக்குக் காய்ச்சல். டெஸ்ட் எடுத்தார்கள். அதேதான். பின்னறையில் போட்டு அடைத்தார்கள். ஜன்னலுக்கு நேரே கொட்டகைச் சுவர். மறுநாள் காலை அதில் ஒரு எருமை நின்றது. அகன்ற மூக்கு, தொங்கிய கன்னம், என்னுடைய அதே தடித்த புருவம்.

"யோவ் லேபிள், அது நான்தானே?"

"எருமை, அண்ணாச்சி. ஒங்க சாடை இருக்குங்கீகளா? எனக்குத் தெரியலையே."

நான் எருமை மாதிரிதான் இருக்கிறேன் என்று நானே தொண்டை கிழிய வாதாடினேன். மறுநாள் அதற்கு மீசை முளைத்தது. அடுத்த நாள் கழுத்தில் மணி. அதற்கடுத்த நாள் தலையில் காக்கா. ஒவ்வொரு காலையும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். சாட்சிக்கு மனைவியைக் கூப்பிட்டேன். கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்புட்டு லச்சணமா நீங்க என்னைக்கு இருந்தீக?"

ஆறாம் நாள் எருமைக்கு உதட்டுச் சாயம் பூசியிருந்தார். திட்ட வாயைத் திறந்தேன். "யோ" வரைக்கும்தான் வந்தது. மேற்கொண்டு மூச்சு ஏறவில்லை.

அதற்கு மேல் நடந்தது மனைவி சொல்லித்தான் தெரியும். தினமும் நான் திட்டி முடிக்கிற வரை லேபிள் சுவரோரம் நின்று கேட்டுவிட்டு அவளிடம் போவாராம். "இன்னைக்கு ரெண்டு நிமிசம் தம் கட்டித் திட்டுனாரு. பயமில்ல மதினி." அன்று மட்டும், "மதினி, அண்ணாச்சி திட்டல" என்று ஓடி வந்தாராம். செருப்புக்கூடப் போடாமல் வெயிலில் ஊர் நர்ஸம்மா வீட்டுக்கு ஓடியிருக்கிறார். நர்ஸம்மா ஆம்புலன்ஸை வரவழைத்து விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா..." என்றார் டாக்டர்.

நான் தேறி வீடு திரும்பியபோது பஸ் ஓட ஆரம்பித்திருந்தது. லேபிள் போய்விட்டார். அவர் வேலை பார்த்த அச்சகத்தில் விசாரித்தேன். வேறு ஊருக்குப் போய்விட்டாராம். அச்சகத்திலும் அவருக்கு லேபிள் என்ற பெயர்தான்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எருமையை மட்டும் விட்டுச் சுற்றி அடிக்கிறேன். தெருவே சிரிக்கிறது. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அதன் எதிரே நின்று ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் போகிறேன். மூச்சு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

யோவ் லேபிள், உம்மைத் தேடித்தான் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன்; பட்டாசு விளம்பரத்தில் யார் வரைந்த படம் என்று பார்க்கவாவது இதைப் புரட்டுவீர். சுவரில் நிற்கிற எருமைக்கு என் மூஞ்சியா, இல்லையா? மூலையில் நீர் விட்ட கட்டம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. உம் பெயரை எழுதலாம் என்று பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனேன். பெயர் தெரியவில்லை. மூன்று மாதம் ஒரே வீட்டுச் சோற்றைத் தின்றோம், ஒரு நாள் கேட்கவில்லை. எருமை நானேதான் என்று ஊரறியச் சொல்லிவிட்டேன். நீரும் அதை ஒத்துக்கொண்டு இதே பத்திரிகையில் பதில் எழுதும். கீழே பெயரைப் போட்டு எழுதும்.