பதில் கால்

சட்டப்படி நடக்க வேண்டும் என்பதில் ஷிஹாரா டீச்சருக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. நடக்க முடியவில்லை என்பது மட்டும்தான் சிக்கல்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு வேன் கவிழ்ந்து அவளுடைய முதுகுத்தண்டில் அடிபட்டது. கால்கள் இரண்டும் அன்றோடு வேலையை நிறுத்திக்கொண்டன. அன்றிலிருந்து மதுரங்குளி வீட்டிலிருந்து நுரைச்சோலைப் பள்ளிக்கூடத்துக்கு அவளை ஏற்றிப் போனது, அவளைத் தங்கச்சியாய் வளர்த்த ஸலாஹுதீன் நானாவின் த்ரீவீலர்தான். நானா தங்கமான மனுஷன். ஆனால் காலையில் பஜாரில் பிளேன்டி குடித்து, ஊர்க்கதை முழுவதையும் கேட்டு முடித்த பிறகுதான் அவருக்குத் தங்கச்சியின் ஞாபகம் வரும். அவள் வாசலில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பள்ளிக்கூட வரவுப் பதிவேட்டில், நேரத்துக்கு வராதவர்களுக்குக் கீறும் சிவப்புக் கோடு அவளுக்காகக் காத்திருக்கும். கோடுகள் இப்படியே கூடினால் வீட்டோடு இருக்கச் சொல்லி மேலிடம் எழுதிவிடும் என்று அதிபர் ரிஃபாஸ் சேர் மிகுந்த அனுதாபத்தோடு சொல்லியிருந்தார். ஆனால் அவளுக்கு அதைவிட வலித்தது, எங்கே போவதென்றாலும் யாரையாவது கேட்க வேண்டியிருந்ததுதான்.

ஆகவே ஒரு பழைய ஒட்டோ கியர் கார் வாங்கினாள். சிலாபத்தில் கராஜ் வைத்திருக்கும் பீற்றர், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடியைப் பூட்டிக் கொடுத்தார். முன்னே தள்ளினால் பிரேக் பிடிக்கும், தன் பக்கம் இழுத்தால் கார் வேகமெடுக்கும். காலுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. உப்பளத்துப் பக்கத்து வெட்டவெளியில் ஓட்டிப் பழகினாள். யாருடைய தயவும் இல்லாமல் புறப்பட்டு, யாருடைய தயவும் இல்லாமல் நிறுத்திய முதல் நாள் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இனி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். சாரதித் தகுதி அலுவலகம் அப்போதுதான் மாற்றுத்திறனாளிகளை வலுவூட்டும் வாரத்தை வெகு விமரிசையாகக் கொண்டாடி முடித்திருந்தது. வாரத்தின் சிகரம் ஒரு நடைபவனி. எல்லோருக்கும் ஒரே நிற டீ-ஷர்ட், தொப்பி, குளிர்பானம். மாற்றுத்திறனாளிகள் நடக்கச் சிரமப்படுவார்கள் என்ற நல்லெண்ணத்தில் அவர்களை மட்டும் அழைக்கவில்லை.

பெரிய பரிசோதகர் றொமேஷ் சேர் நேர்மையானவர். காரைச் சுற்றிவந்து பார்த்தார், கைப்பிடியைத் தள்ளிப் பார்த்தார், மெச்சினார். பிறகு விதிகள் அடங்கிய சுற்றுநிருபத்தைத் திறந்தார்.

“கார் நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா பிரேக்கைக் காலால அமத்தோணும் எண்டு இதில இருக்கு.”

“கால் ஏலாததாலதானே சேர் கைக்கு மாத்தின.”

“அது எனக்கு விளங்குது. சுற்றுநிருபத்துக்கு விளங்கோணுமே.”

றொமேஷ் சேர் கண்ணை மூடி யோசித்தார். அலுவலகத்தில் ஒருவர் கடமைக்குச் சமுகமளிக்காவிட்டால் வழக்கமாக என்ன செய்வார்கள்? செயலாளர் இல்லாவிட்டால் பதில் செயலாளர், பணிப்பாளர் இல்லாவிட்டால் பதில் பணிப்பாளர். நாடே அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. டீச்சரின் கால் நான்கு வருடமாகக் கடமைக்கு வரவில்லை. எனவே ஒரு பதில் காலை நியமிப்பதே முறை. கால் வேண்டும் என்றுதான் சுற்றுநிருபம் சொல்கிறது, யாருடைய கால் என்று அது கேட்கவில்லை.

அந்த அலுவலகத்தில் அன்ஸார் என்றொரு பட்டதாரி இருந்தார். நியமனம் கிடைத்து வந்த நாளிலிருந்து அவருக்குக் கதிரை கிடைக்கவில்லை. ஜன்னலோரம் நின்றே கடமையாற்றி வந்ததால், காலை மட்டும் கொண்டு அரச சேவை செய்த முன்னனுபவம் அவருக்கு நிறைய இருந்தது. அவரே ‘பதில் கால் உத்தியோகத்தர்’ ஆனார். காரின் இடப்பக்க ஆசனத்தின் முன்னால், சாரதி பழக்கும் கார்களில் இருப்பதுபோல, இன்னொரு பிரேக் பூட்டப்பட்டது. ஷிஹாரா கையால் தள்ளும்போது அன்ஸார் காலால் மிதிக்க வேண்டும். பரீட்சையன்று அவள் அமைதியாக ஓட்டினாள். அன்ஸார் ஓர் ஆட்டைக் கண்டு பதறி, அது வீதியைக் கடந்து வேலிக்குள் போன பிறகும் விடாமல் மிதித்துக்கொண்டிருந்தார். காலுக்குத் திறமைச் சித்தியும் கைக்குச் சாதாரண சித்தியும் வழங்கப்பட்டன. அனுமதிப்பத்திரத்தில் ஒரு நிபந்தனை எழுதியிருந்தது: பதில் கால் இன்றிச் செலுத்துவது குற்றமாகும்.

அன்ஸாரின் ஊர் உச்சமுனை. அதாவது ஷிஹாராவின் கால் காலையில் தீவிலிருந்து போட்டில் புறப்பட்டு, கற்பிட்டியில் இறங்கி, பஸ் ஏறி, அவளுடைய பள்ளிக்கூடத்தைத் தாண்டி மதுரங்குளிக்கு வந்து, காரில் ஏறி, வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். காற்று எழும்பினால் கால் கடலோடு நின்றுவிடும். நானாவையாவது பஜாரில் ஆளனுப்பித் தேடலாம், இது கடல். சிவப்புக் கோடுகள் முன்னைவிடக் கூடின. கால் சுணங்கிப் பிந்தினால் மட்டும் யாரும் கோடு கீறவில்லை, அதற்குப் பிரயாணப்படி கொடுத்தார்கள்.

இந்த ஏற்பாட்டை ஊரே கேலி செய்து சிரித்தது. பதில் கால் பதவி ஓய்வூதியத்தோடு நிரந்தரமாகப் போகிறது, மேலதிக கால்களும் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்ததும் சிரிப்பு நின்றது. பதில் காலைப் பயன்படுத்திய ஒருவரின் சிபாரிசுக் கடிதம் கட்டாயம் என்று அறிவித்தார்கள். மாவட்டத்திலேயே அப்படி ஒருத்திதான் இருந்தாள். நானா பிளேன்டியைப் பாதியில் விட்டு ஓடி வந்தார்.

“தங்கச்சி, நம்மட மகன் இனாஸ்ட ரெண்டு காலும் ஒரு பழுதும் இல்ல. ஒரு கடிதம் தா.”

கூடப்பிறந்த தமையன் போல வளர்த்தவர் கேட்கும்போது எப்படி மறுப்பது? எழுதிக் கொடுத்தாள்.

நேர்முகப் பரீட்சை ஒரு வாரம் நடந்தது. முதல் நாளே அன்ஸார், தான் ஏற்கனவே பார்க்கும் வேலைக்குத் தான் தகுதியானவர் என்று நிரூபிக்கப் போய்விட்டார். கால் வரவில்லை. அன்றும் சுணங்கினால் மேலிடத்துக்கு எழுதுவேன் என்று அதிபர் சொல்லியிருந்தார். ஷிஹாரா பிஸ்மி சொல்லிக் கைப்பிடியை இழுத்தாள்.

பாலாவிச் சந்தியில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டினார். உள்ளே எட்டிப் பார்த்து, கால் எங்கே என்று கேட்டார். நேர்முகத்துக்குப் போயிருக்கிறது என்று அவள் உள்ளதைச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, தன் மச்சானின் விவரங்களை ஜன்னலால் நீட்டி, சிபாரிசுக் கடிதத்தை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வழிவிட்டார்.

மணி அடிக்க முன்பே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். கேட் பூட்டியிருந்தது. அதிபர் தன் மகனை நேர்முகத்துக்கு அழைத்துப் போயிருந்தார். பதிவேடு அவருடைய அலுமாரிக்குள். மற்ற ஆசிரியர்களும் ஆளுக்கொரு காலோடு போயிருந்தார்கள்.

மறுநாள் ரிஃபாஸ் சேர் அவளுடைய பெயருக்கு நேரே சிவப்புக் கோடு கீறி வைத்துவிட்டு, நேர்முகத்தில் குறைந்திருந்த சிபாரிசுக் கடிதத்தை முதல் நாள் திகதியிட்டு மகனுக்கு எழுதித் தரும்படி கேட்டார். தான் நேரத்துக்கு வந்ததாக அவள் சொன்னாள்.

“வந்திருந்தா, கால் இல்லாம வந்திருக்கணும். அது குற்றம். வரல்லண்டு போடுறதுதான் ஒங்களுக்கு நல்லம் டீச்சர்.”

ஷிஹாராவுக்குக் கோபம் வந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

“சரி சேர், நான் நேத்து வரல்ல. அப்ப நேத்துத் திகதி போட்டு ஒங்கட மகனுக்குக் கடிதம் எழுதித் தர எனக்கு ஏலாதே.”

அதிபர் மேசை லாச்சியைத் திறந்து டிப்பெக்ஸ் எடுத்தார். சிவப்புக் கோடு வெள்ளையாயிற்று. அதன் மேல் அவள் ஒப்பமிட்டாள், பிறகு கடிதத்திலும்.

கால் தேவைப்பட்டவள் மாவட்டத்தில் ஒருத்திதான் என்பதால், இப்போது ஷிஹாராவுக்கு நான்கு பதில் கால்கள்: அன்ஸார், இனாஸ், அதிபரின் மகன், பொலிஸ்காரரின் மச்சான். ஒருவரும் வருவதில்லை. எல்லோரும் தவறாமல் வந்ததாக அவள் மாதக் கடைசியில் கையொப்பமிடுகிறாள். தனியே புறப்படுகிறாள், தனியே போகிறாள், யாரையும் கேட்பதில்லை. பாலாவியில் பொலிஸ்காரர் சலாம் சொல்கிறார்.

இந்த வருட நடைபவனிக்கு நான்கு கால்களையும் அழைத்திருந்தார்கள், முன்வரிசையில் நடப்பதற்காக. காலையிலேயே நால்வரும் டீ-ஷர்ட்டும் தொப்பியுமாக ஷிஹாராவின் வாசலில் வந்து நின்றார்கள். வெயில் கடுமையாக இருக்கிறது, நடந்து போக ஏலாது, காரில் ஏற்றிப் போக முடியுமா என்று நானாவின் மகன் இனாஸ் எல்லோருக்குமாகக் கேட்டான்.

ஷிஹாரா ஓம் என்றாள். பிறகு ஒரு பிளேன்டி ஊற்றி மெல்லக் குடித்து, பக்கத்து வீட்டு முஃபீதாவிடம் ஊர்க்கதை முழுவதையும் கேட்டு முடித்த பிறகுதான் கார்ச் சாவியைத் தேடத் தொடங்கினாள்.