பதவி இறங்கிய படலம்

பெண்டாட்டியிடம் சொல்லக் கூடாது. தலையே போனாலும் சொல்லக் கூடாது. தொழிற்சாலை வாசலில் நின்று நான் எடுத்த மகத்தான முடிவு இதுதான்.

நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். கடைசி நாலு வருஷம் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவர். கையில் எப்போதும் சிவப்பு சாக்பீஸ் இருக்கும். கால் ஆடுகிற நாற்காலிக்கு ஒரு பெருக்கல் குறி போட்டால், அது வந்த வழியே திரும்பிப் போய்விடும். என்னைக் கண்டாலே தச்சர்களுக்குக் குலை நடுங்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை மேனேஜர் கூப்பிட்டார்.

"நாளையிலேர்ந்து நீங்க உட்கார்ற வேலைக்குப் போயிடுங்க."

எங்கள் தொழிற்சாலையில் உட்காருவது ஒரு தனி வேலை. புதிதாகச் சேர்கிறவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். ஒவ்வொரு நாற்காலியிலும் மூன்று தடவை பொத்தென்று உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். கிரீச்சென்று சத்தம் வந்தால் பிரிவுத் தலைவரிடம் சொல்ல வேண்டும். என்னுடைய ஒரு நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு, நாளொன்றுக்கு முந்நூறு நாற்காலி கொடுத்துவிட்டார்கள்.

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"தப்பா? உங்க இஷ்டப்படிதானே செஞ்சிருக்கேன்!" மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். "உங்களை மாதிரி மனுஷன் கிடைக்கறது கஷ்டம்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கீழே இறக்கிவிடுகிற ஆள் எதற்குத் தட்டிக்கொடுக்கிறார்? என் இஷ்டமாம். என் இஷ்டம் எனக்குத் தெரியாமல் இவருக்கு எப்படித் தெரிந்தது?

பிரிவுத் தலைவருக்கு ஏழு மணி வரை வேலை. உட்காருகிறவனை நாலு மணிக்கே விட்டுவிடுவார்கள். சீக்கிரம் வீட்டுக்குப் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும். மூன்று மணி நேரம் தெருத்தெருவாக அலைந்தேன். பூங்காவில் பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. உட்காராமல் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

மூன்றாம் நாள், பழைய தோரணையோடு வீட்டுக்குள் நுழைந்தேன். சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தேன். எழுந்தேன். உட்கார்ந்தேன். எழுந்தேன். உட்கார்ந்தேன்.

"என்னங்க, மூட்டைப்பூச்சியா?" என்றாள் மனைவி.

"இல்லையே."

"அப்புறம் ஏன் எழுந்திரிச்சு எழுந்திரிச்சு உட்கார்றீங்க?"

"யோசனை. பெரிய பொறுப்புல இருக்கறவனுக்கு இருப்பே கொள்ளாது."

"முட்டி ஏன் படக்கு படக்குங்குது?"

"வயசாகுதுல்ல?"

"மூணு நாளைக்கு முன்னாடி ஆகலையே?"

"வயசு சொல்லிட்டா வரும்?"

"சரி விடுங்க. நாலு மணிக்கே விட்டுடறாங்களே, ஏழு மணி வரைக்கும் எங்க சுத்தறீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யார் சொன்னா உனக்கு?"

"யாராவது சொல்லணுமா? அந்த வேலையைக் கேட்டதே நான்தானே."

"நீயா?"

"நான் எழுதினேன். நீங்க கையெழுத்துப் போட்டீங்க."

ஆபீசுக்குப் போகிற கடிதமெல்லாம் அவள்தான் எழுதுவாள். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அடியில் கையெழுத்து மட்டும் நான் போடுவேன். படித்துப் பார்த்துவிட்டுப் போடுவதெல்லாம் சின்ன ஆட்கள் வேலை என்பது என் கொள்கை. போன மாதம் உதவி மேனேஜர் பதவி கேட்டு எழுதச் சொல்லியிருந்தேன்.

"ஏத்திவிடச் சொல்லித்தானேடி எழுதச் சொன்னேன்?"

"ஆமா. அன்னிக்குத்தான் நானும் சொன்னேன். ஆஸ்பத்திரியில என்னை ஹெட் நர்ஸா போடறாங்க, சாயங்கால ஷிப்டு, ஸ்கூல் விட்டா பாப்பாவை நீங்க பார்த்துக்கணும், நாலு மணிக்கு வர்ற மாதிரி வேலை கேளுங்கன்னேன். என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காம, 'எழுதிக் குடு, கையெழுத்துப் போடறேன்'னீங்க. எழுதிக் குடுத்தேன்."

மேஜையில் கிடந்த பேப்பரை மெல்ல மடித்து ஓரமாக வைத்தேன்.

"ஒம்பது வருஷமா ஊசி போட்டுட்டிருக்கேங்க. அடுத்த வாரம் ஹெட் நர்ஸா சேரணும். இந்த வேலை எனக்கு வேணும்" என்றாள். "பாப்பாவுக்கும் உங்களை வெளிச்சத்துல பார்த்தா அடையாளம் தெரியணும்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. அவள் ஏமாற்றினாளா, நானே கேட்டு வாங்கிக்கொண்டேனா என்பதும் விளங்கவில்லை. குழப்பத்தில் எனக்கு எப்போதும் ரோஷம் வந்துவிடும்.

"நாளைக்கே பழைய வேலையைத் திருப்பிக் கேட்கறேன்!"

"கேளுங்க. எழுதித் தரட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாம்! நானே எழுதுவேன்!"

மூன்று பக்கம் எழுதினேன். வரிக்கு வரி அனல் பறந்தது. அவள் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பழைய வேலை கிடைத்தால் அவள் ஷிப்டு போய்விடுமே, எதற்குச் சந்தோஷப்படுகிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் மனுவைக் கொடுத்தேன். மத்தியானம் நூற்று எண்பதாவது நாற்காலியில் நான் இருந்தபோது மேனேஜரே தேடி வந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"உங்க எழுத்து ஒரு வரிகூடப் புரியலை சார். வீட்டுக்கு போன் பண்ணி உங்க வீட்டம்மாகிட்டக் கேட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"இந்த வேலையையே நிரந்தரமாக்கணும்னு மூணு பக்கம் கெஞ்சியிருக்கீங்களாமே! ஆக்கிட்டேன் சார்!"

"ஐயோ, அதுல அப்படி இல்லைங்க! குடுங்க இப்படி, படிச்சே காட்டறேன்!"

மனுவைப் பிடுங்கிப் பிரித்தேன். திருப்பிப் பார்த்தேன், தூரமாகப் பிடித்துப் பார்த்தேன். எனக்கும் ஒரு வரிகூடப் புரியவில்லை.