மூளைப் படத்துக்கு நான் எழுதிய விளக்கவுரையை வெட்டிய மருமகளுக்கு

என் அக்காள் பெற்ற அன்பு மருமகளே! அவள் தோளுக்குமேல் எட்டி இம்மடலைப் படிக்கும் ஆய்வுக்கூடத்துப் பெருமக்களே! என் விளக்கவுரையின் கழுத்து நெரிக்கப்பட்டிருக்கிறது, முறையிட வந்திருக்கிறேன்!

நான் நலம். உன் அத்தையும் நலம். நீயும் நலமாகவே இருப்பாய். பதினெட்டுப் பக்கத்தை ஒரே மூச்சில் இரண்டே பக்கமாக வெட்டியவளுக்கு உடல்வலுவுக்கா குறை?

நடந்ததை நினைவூட்டுகிறேன். நலமுள்ள பலருடைய தலைகளைப் படமெடுத்து, அவற்றின் நரம்புப் பாதைகளை ஒன்றிணைத்து, எவரும் எப்போதும் எடுத்து ஒப்புநோக்கத் தக்க பொது வார்ப்புரு ஒன்றை உருவாக்கினாய். நோயாளியின் படத்தை அதன்மேல் பொருத்தினால் எந்தப் பாதை எங்கே விலகியிருக்கிறது என்பது விளங்கும். "மாமா, இதை எப்படிப் பயன்படுத்துறதுன்னு நல்ல தமிழ்ல எழுதித் தாங்க" என்று கேட்டவள் நீ. முதற்பயன் யாருக்கு? சொற்போர் மேடைகளில் காலமெல்லாம் என்னை வாரிவிட்ட எதிரணித் தலைவருக்கு! அவர் மூளையின் இடப்பக்கத்தில் கட்டி. பேச்சைச் சுமக்கும் நரம்புக் கற்றையை அது உரசிக்கொண்டு நிற்கிறது. நாளை அறுவை. கத்தி தடம் மாறினால் அந்த வாய் அடங்கிவிடும். பிறகு நான் யாரோடு மல்லுக்கட்டுவது?

அந்தக் கவலையில்தான் உயிரைக் கொடுத்து எழுதினேன். நீ என்ன செய்தாய்? அவை வணக்கத்தை நீக்கினாய், பேச்சுக் கற்றையைப் போற்றிய நான்கு பக்கத்தைத் தூக்கினாய், கேட்டால் "மாமா, இது வழிகாட்டி, மாநாடு இல்ல, டாக்டர் கையில கத்தி வச்சுக்கிட்டு உங்க அடுக்குமொழிய ரசிச்சிட்டு இருப்பாரா?" என்கிறாய், அதுகூடப் போகட்டும், 'இடப்பக்கம்' என்று நான் நயம்பட எழுதிய இடமெல்லாம் 'நோயாளியின் இடது', 'நோயாளியின் இடது' என்று ஆணி அடித்து வைத்திருக்கிறாயே, தமிழுக்கு மூச்சுமுட்டாதா, எனக்கு வயிறு எரியாதா, இதையெல்லாம் பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்க நான் என்ன பொம்மையா? ஆகவே என் பதினெட்டுப் பக்கத்தையும் நானே மருத்துவருக்கு நேரடியாக அனுப்பிவிட்டேன். வெட்டிய ஒவ்வொரு வரியையும் நீயும் திரும்பச் சேர்த்தாக வேண்டும்!

நீ வாழ்க! உன் வார்ப்புரு வாழ்க! உன் கத்தரிக்கோல் மட்டும் மழுங்குக!

அன்புடன்,
உன் தாய்மாமன்

பின்குறிப்பு: மேலே எழுதிய அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். சற்றுமுன் உன் அத்தை என் உரையை ஒரு கையிலும் நீ அனுப்பிய படத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு கேட்டாள்: "இடதுன்னு எழுதியிருக்கீங்களே, யாரோட இடது?"

"அவையோரின் இடது! மேடையில் நிற்பவன் எதிரே இருப்போரின் பக்கத்தைத்தானே சொல்வான்?"

"ஏங்க, கட்டி அவையோர் தலையிலயா இருக்கு? படத்துல அந்த மனுஷன் நம்மளப் பார்த்துல்ல நிக்கிறாரு! நம்ம இடது அவருக்கு வலதுங்க!"

உடனே மருத்துவமனையை அழைத்தேன், என் குரல் கேட்டதும் "பேச்சாளர் ஐயாவா? டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்காரு" என்று வைத்துவிட்டார்கள். நீயோ என் அழைப்பை எடுப்பதே இல்லை. எனவே உன் அத்தையே இம்மடலோடு வருகிறாள். அவளை உட்காரச் சொல்லி நேரத்தை வீணாக்காதே. மருத்துவரை இப்போதே பிடி! என் பதினெட்டையும் கிழித்தெறியச் சொல்! உன் இரண்டையும் அவர் கையில் திணி! அந்த ஆள் பேசியாக வேண்டும். எழு, மகளே, எழு!