இடம் மாறிய உலை

"சார், உலையை ஏன் இந்தப் பக்கம் வச்சிருக்கீங்க?" என்று ஃபோர்மேன் கேட்டார்.

ரயிலை ஓடவிட்டுக் காட்டப்போன கூட்ஸின் கை சுவிட்சின் மேலேயே நின்றுவிட்டது.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். எங்க ஆலையில உலை வலது பக்கம்ல இருக்கு! வாசல், கிரேன், தண்ணித் தொட்டி... அடடா, மொத்தமும் பக்கம் மாறிக் கிடக்கே சார்!"

கூட்ஸுக்குப் பெற்றோர் வைத்த பேர் வேறு. அது சம்பளப் பட்டியலோடு சரி. உருக்காலைக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் அவர் ஸ்டோர் கீப்பர். ஆள் அசைந்து அசைந்து வந்து சேர்வதற்குள் கேட்டவனுக்குக் கேட்ட சாமானே மறந்துபோகும். போதாக்குறைக்குப் பொம்மை ரயில் கிறுக்கு வேறு. கூட்ஸ் வண்டி என்று ஆரம்பித்தவர்கள் வண்டியைக் கழற்றிவிட்டு கூட்ஸ் என்று நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தக் கிறுக்கைத்தான் மானேஜர் மோப்பம் பிடித்தார். கம்பெனியை ஆரம்பித்த பெரியவர் ஓய்வு பெறுகிறார், அவருக்கு ஒரு விழா. "நம்ம ஆலையை அப்படியே சின்னதாச் செஞ்சு, நடுவுல ரயில் ஓடவிடுய்யா. பெரியவர் முகத்துல சிரிப்பு வந்தா உன் டிரான்ஸ்பர் ரத்து. வரலைன்னா பெட்டி படுக்கையைக் கட்டு" என்றார்.

மாற்றல் என்றால் பக்கத்துத் தெருவுக்கு இல்லை. கண்காணாத இடத்தில் ஒரு கிடங்கு. கூட்ஸின் மனைவி அப்போதுதான் தன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை ஆகியிருந்தாள். அவள் கூடப் போனால் அந்த நாற்காலி போகும். இவர் தனியாகப் போனால்... கல்யாணம் ஆனதிலிருந்து அவளோடு ஒரு சின்னச் சண்டையாவது போடாமல் அவர் தூங்கியதே இல்லை.

ஆகவே மனிதர் உயிரைக் கொடுத்து வேலை செய்தார். ஆலை வேறு ஊரில் இருந்தது, அவர் அதன் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. மானேஜரின் பீரோவிலிருந்து மூல வரைபடத்தை வாங்கினார். அது பழுப்பேறிய கண்ணாடித்தாள். அதன்மேல் தன்னுடைய கண்ணாடித்தாளை விரித்து, எழுத்தெல்லாம் எதற்கு என்று கோடுகளை மட்டும் வரைந்துகொண்டார். வரைபடத்தை மானேஜர் அன்றே பெரியவர் வீட்டுக்கு நினைவுப் பரிசாக அனுப்பிவிட்டார். வீட்டு மூலையறையில் சாப்பாட்டு மேசையைவிடப் பெரிய மேசை ஒன்று வந்தது. பால்பவுடர் டப்பா உலையானது. அதற்குள் சிவப்பு பல்பு, கீழே ஒரு சின்ன கெட்டில். கெட்டில் கொதித்தால் புகைபோக்கிகள் வழியே ஆவி குபுகுபுவென்று வரும். குட்டி இஞ்சின் இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு நேராக ஆலைக்குள் நுழையும்.

நாளைக்கு விழா. அதற்காக ஊரிலிருந்து வந்த ஃபோர்மேன், முன்னதாக ஒரு பார்வை பார்க்க வந்த இடத்தில்தான் இப்படிக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அதோட இன்னொண்ணு சார். இங்க ரயில் நேரா உள்ள போகுது. அங்க ஆலையை முழுசாச் சுத்திக்கிட்டுத்தான் நுழையும்."

"ஏன் சுத்தணும்?"

"யாருக்குத் தெரியும்? டிரைவருங்க தினமும் திட்டிக்கிட்டேதான் சுத்துறாங்க."

கூட்ஸுக்கு அது காதில் ஏறவில்லை. கண்ணாடித்தாள் திரும்பிவிட்டது! முதுகு எது முகம் எது என்று தெரியாத தாள். அதில் ஒரே ஒரு எழுத்தை எழுதித் தொலைத்திருந்தால் இந்த வினை வந்திருக்காது. யார் திருப்பியிருப்பார்கள்? நாம் திருப்பியிருப்போமா என்ற கேள்வி அவர் தலையில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போனார்.

"அறையைப் பெருக்கும்போது என் தாளை எடுத்தியா?"

"எடுத்தேன். தூசியா இருந்துச்சு. தட்டிட்டு எடுத்த மாதிரியே வச்சேன்."

"திருப்பி வச்சிருக்க!"

"வைக்கலைங்க."

"பொழைப்புக்கே உலை வச்சுட்டியே!"

"உலை வச்சது நீங்க. அதுவும் பால்பவுடர் டப்பாவுல. ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்தறேன், ஒரு தாளை வச்ச மாதிரி வைக்கத் தெரியாதா எனக்கு?"

"பள்ளிக்கூடத்தைத் திருப்பி வைக்க முடியாது. அதனால தப்பிச்சுது!"

சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் வார்த்தை வெளியே போய்விட்டது. அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இனிமே உங்க ரயிலாச்சு, நீங்களாச்சு. என்கிட்ட பேச வேண்டாம்."

பேசவில்லை. நிஜமாகவே பேசவில்லை. கூட்ஸ் ஒரு சண்டைக்கு ஏங்கும்படி ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. எந்தச் சிக்கலானாலும் ஐடியா கொடுப்பான், பிறகு சிக்கல் இரண்டாக இருக்கும்.

"மாமா, இதுக்கா முகத்தை இப்படி வச்சிருக்கீங்க? மேசையை அரை வட்டம் திருப்பிப் போட்டா உலை தானா வலது பக்கம் போயிடும்!"

கூட்ஸ் அப்போதிருந்த நிலையில் யார் எதைச் சொன்னாலும் கேட்டிருப்பார். மூவரும் பிடித்துத் திருப்பினார்கள். மேசை பீரோவில் இடித்தது, ஒரு புகைபோக்கி முறிந்தது, தண்ணித் தொட்டி ஃபோர்மேனின் சட்டைப் பைக்குள் விழுந்தது. கடைசியில் உலை வலது பக்கம் வந்து சேர்ந்தது.

ஃபோர்மேன் தள்ளி நின்று பார்த்தார்.

"உலை சரி. ஆனா இப்ப வாசல் பின்னால போயிடுச்சு சார். முன்னால இருக்கறது கழிவுக் குட்டை. பெரியவரைக் குட்டையைக் காட்டி வரவேற்கலாமா?"

கூட்ஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மச்சினன் மட்டும் கலங்கவில்லை. பீரோக் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தவன் திடீரென்று சீப்பை வீசினான்.

"மாமா! கண்ணாடியில பாருங்க!"

பார்த்தார்கள். கண்ணாடிக்குள் எல்லாம் பக்கம் மாறித் தெரிந்தது. ஃபோர்மேன் வாயைப் பிளந்தார்.

"அட! இது எங்க ஆலையேதான் சார்!"

பிறகு என்ன, பீரோக் கதவிலிருந்து கண்ணாடியைக் கழற்றினார்கள். திருப்பிய மேசைக்கு மேலே அதைச் சாய்வாகத் தொங்கவிடுவது, மேசைக்கு முன்னால் ஒரு திரை கட்டுவது, பெரியவர் திரைக்கு இந்தப்புறம் உட்கார்ந்து அண்ணாந்து கண்ணாடியில் பார்ப்பது என்று முடிவாயிற்று. பிடித்துப் பார்த்தார்கள். உலை வலது பக்கம், வாசல் முன்பக்கம், குட்டை பின்பக்கம். கூட்ஸுக்கு மூச்சு வந்தது. உடனே போயும் விட்டது.

"போர்டு?"

ஆலை முகப்பில் 'உருக்காலை' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். கண்ணாடியில் அது அரபு மாதிரியும் இல்லை, தமிழ் மாதிரியும் இல்லை.

"அதை என்கிட்ட விடுங்க மாமா. திருப்பி எழுதிட்டாப் போச்சு" என்று மச்சினன் பிரஷை எடுத்தான். அவன் முடித்ததும் போர்டில் 'லைகாக்ருஉ' என்று இருந்தது.

"லைகாக்ருஉன்னா என்ன? வெளிநாட்டுக் கம்பெனியா?" என்றார் ஃபோர்மேன்.

கண்ணாடியில் வரிசை என்னவோ சரியாகத்தான் வந்தது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பெயின்ட் வேறு தீர்ந்துவிட்டது.

மறுநாள் காலை, மனைவி பீரோவைப் பார்த்தாள். கண்ணாடி இருந்த இடத்தில் வெறும் பலகை.

"கண்ணாடி எங்க?"

அவள் பேசிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் கூட்ஸ் பல்லைக் காட்டினார். "ஆபீஸுக்குப் போயிருக்கு."

அவள் தலையைத் தடவிப் பார்த்தே வாரிக்கொண்டாள். விழாவுக்கு வர மாட்டாள் என்றுதான் அவர் நினைத்தார். வந்தாள். ஆனால் பேருந்தில் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள்.

அலுவலகக் கூடத்தில் மானேஜர் திரையையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னய்யா இது, சலூன் மாதிரி இருக்கு?"

"வெளிநாட்டுல இப்ப இதுதான் சார். மேலேர்ந்து, ஆகாசத்துல பறந்துக்கிட்டே பாக்கற மாதிரி இருக்கும்."

"அப்படியா! பிரமாதம். நீ ரயில் மட்டும்தான் விடுவேன்னு நினைச்சேன்."

"ரீலும் விடுவாரு" என்றான் மச்சினன் வாய்க்குள்ளேயே.

பெரியவர் வந்தார். கூடவே அவர் மனைவி, தடித்த மூக்குக்கண்ணாடியும் நிதான நடையுமாக. பெரியவருக்குச் சிரிப்பு என்பதே வராது என்று அலுவலகத்தில் பேச்சு. அதைப் பொய்யாக்கும் எந்த உத்தேசமும் இல்லாமல் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணாந்தார்.

கூட்ஸ் சுவிட்சைத் தட்டினார். உலை சிவந்தது. ரயில் நகர்ந்தது. கெட்டில் கொதித்தது. புகைபோக்கிகளிலிருந்து ஆவி அழகாக மேலே எழும்பி, நேராகக் கண்ணாடியில் போய்ப் படிந்தது.

ஆலை மறைந்தது. ரயில் மறைந்தது. முதுகு காட்டிய 'உருக்காலை' மட்டும் ஒரு மூலையில் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் போயிற்று.

"ஒண்ணும் தெரியலையே" என்றார் பெரியவர்.

"மேகம் சார்! ஆகாசத்துல பறக்கறோம்ல!" என்று மானேஜர் சமாளித்துவிட்டு, கைக்குட்டையை உருவிக்கொண்டு நாற்காலி மேல் ஏறினார். துடைத்தார். துடைக்கத் துடைக்க ஆவி வந்துகொண்டே இருந்தது. கூட்ஸ் பதறிப்போய் கெட்டிலை அணைக்கக் குனிந்தவர், அவசரத்தில் ரயிலின் வேகத்தைக் கூட்டிவிட்டார். மானேஜர் இன்னும் எட்டித் துடைத்தார். பிடி நழுவியது. கைக்கு அகப்பட்ட திரையைப் பிடித்தார்.

திரையோடு கீழே வந்து சேர்ந்தார்.

நல்லவேளை, கண்ணாடி தப்பித்தது. ஆனால் மேசை பட்டப்பகலில் நடுக்கூடத்தில் அம்மணமாக நின்றது. ஊருக்கே தெரிந்த உருக்காலை, பக்கம் மாறி, பின்புறம் திரும்பி, கழிவுக் குட்டையை முன்னால் நீட்டிக்கொண்டு, 'லைகாக்ருஉ' என்ற பெயருடன்.

ரயில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியவர் எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றார். குட்டி இஞ்சின் வந்தது, சுற்றாமல் வளையாமல் நேராக உள்ளே நுழைந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுபடி வந்தது, மறுபடி நேராக நுழைந்தது. அவர் முகம் வெளுத்தது, கண்ணில் தண்ணீர் தளும்பியது. கூட்ஸ் மனதுக்குள் பெட்டி படுக்கையைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

"யார் செஞ்சது?"

மச்சினன் ஃபோர்மேனுக்குப் பின்னால் ஒளிந்தான். கூட்ஸ் முன்னால் வந்தார்.

"நான்தான் ஐயா. வரைபடத்தைப் பாத்து வரைஞ்ச தாளைத் திருப்பிப் போட்டுச் செஞ்சுட்டேன். பழியைத் தூக்கி என் வீட்டுக்காரி மேல போட்டேன். அவ திருப்பியிருக்க மாட்டா. எதையும் வச்ச இடத்துல வைக்கிறவ அவ. எல்லாம் என் கைதான். என்னை எங்க வேணாலும் டிரான்ஸ்பர் பண்ணி அனுப்புங்க."

நேற்றிலிருந்து முதல் தடவையாக மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"அனுப்பறதா இருந்தா ரெண்டு பேரையும் சேர்த்து அனுப்புங்க ஐயா. இவர் தனியாப் போனா யார்கிட்ட சண்டை போடுவார்?"

கூட்ஸுக்குக் கிடங்கு என்ன, பாலைவனம் என்றாலும் இனி கவலையில்லை என்று தோன்றியது.

பெரியவர் மூக்கை உறிஞ்சினார். "யாரும் எங்கயும் போக வேண்டாம். டிரான்ஸ்பர் ரத்து. தம்பி இங்கயே இருக்கட்டும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆலைப் பக்கம் மட்டும் வரவே வேண்டாம்" என்றார். மானேஜரைப் பார்த்துத் திரும்பினார். "இந்த மேசையை உடனே என் வீட்டுக்கு அனுப்பு. போட்டோ கீட்டோ யாரும் எடுக்கக்கூடாது."

"எவ்வளவு பெரிய மனசு!" என்று மானேஜர் தரையில் உட்கார்ந்தபடியே கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். பெரியவர் யார் முகத்தையும் பார்க்காமல், வயதுக்கு மீறிய வேகத்தில் காருக்குப் போய்விட்டார்.

கூட்ஸ் நாற்காலியில் சரிந்தார். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. "இவ்வளவு பெரிய தப்பைச் செஞ்சும் மன்னிச்சுட்டாரே!" என்று மனைவியிடம் சொன்னார். "நீங்க என்னைத் திட்டினதுக்கு நான் இன்னும் மன்னிக்கலை" என்றாள் அவள். அதைக் கேட்க அவ்வளவு சுகமாக இருந்தது.

எல்லாரும் போன பிறகு, பெரியவரின் மனைவி மட்டும் மெதுவாக மேசையைச் சுற்றி வந்தார். வெளியே கார் ஹாரன் அடித்து அடித்து அழைத்தது. அவர் அதைச் சட்டை செய்யாமல் தலைமையாசிரியையின் தோளைத் தொட்டு, காதோடு குனிந்தார்.

"தாளை யாரும் திருப்பலைம்மா, உன் வீட்டுக்காரர் சரியாத்தான் செஞ்சிருக்காரு, அந்தக் காலத்துல மூக்குக்கண்ணாடி போட வெட்கப்பட்டுக்கிட்டு, வரைபடத்தைத் திருப்பிப் பிடிச்சு மொத்த ஆலையையும் கட்டினது எங்க வீட்டுக்காரர்தான்."