பசுபதி சார் போட்ட எல்லைக்கோடு

உங்கள் தெருவிலும் கோடு போடுகிறவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். கோலக்கோடு இல்லை, எல்லைக்கோடு. தொகுதி மறுவரையறை என்று நாடே டீவியில் கத்திக்கொண்டிருக்கிறதே, யாருக்கு இடம் கூடும், யாருக்குக் குறையும் என்று? அதெல்லாம் பெரிய இடத்து விவகாரம் என்று நீங்கள் சேனலை மாற்றிவிடலாம். மாற்றுங்கள். உங்கள் வாசலில் பென்சிலோடு நிற்பவரை எப்படி மாற்றுவீர்கள்?

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் இலையைப் பார்க்க மாட்டார். இந்த வரிசையில் நம்ம ஆட்கள் எத்தனை பேர், அந்த வரிசையில் எத்தனை பேர் என்று பார்ப்பார். வாயைத் திறந்தால் ‘நிர்வாக வசதி’. மூடுவதற்கு முன் ‘தனிப்பட்ட முறையில் எனக்கு ஒண்ணும் இல்லை.’ இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் ஓட்டு செத்துப்போயிருக்கும்.

விளாங்குடியில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவராக இருந்த பசுபதி சார் இந்த இனத்தில் அசல். அரசு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். சங்கத்தில் ஓய்வு பெற மறந்தவர். ஐந்து தெரு, தெருவுக்கு ஓர் உறுப்பினர், அந்த ஐவர் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். முதல் மூன்று தெருவும் அவர் பக்கம். நாலும் ஐந்தும் எதிர்ப்பக்கம். காரணம், சாக்கடை. முதல் தெருவில் குளிக்கிற தண்ணீரெல்லாம் இறங்கிப்போய் நாலாவது தெருப் பள்ளத்தில் தேங்கும். கால்வாய் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். சங்கப் பணத்தில் முதல் தெருவுக்கு சிமெண்ட் பெஞ்சு வந்தது. அதற்கு நிழற்குடை வந்தது. நிழற்குடைக்குப் பெயிண்டும் வந்தது.

இந்த முறை தேர்தலுக்கு முன்பே பள்ளத்து நாற்றம் மூன்றாவது தெருவுக்கும் எட்டியது. ஓட்டும் அந்தப் பக்கம் சாயும் போலிருந்தது. பசுபதி சார் பார்த்தார். இனிமேல் தெருக் கணக்கு வேண்டாம், ஐந்து ‘பிளாக்’ கணக்கு என்றார்.

என்ன செய்தார் தெரியுமா? நாலாவது தெருவையும் ஐந்தாவது தெருவையும் கொத்துப் பரோட்டா போட்டார். இந்தத் துண்டை முதல் தெருவோடு, அந்தத் துண்டை இரண்டாவதோடு என்று சேர்த்து, எந்த பிளாக்கிலும் அவர்கள் ஆள் குறைவாகவே இருக்கும்படி ஒரு கோடு இழுத்தார். அது மாவுமில்லைச் சுற்றி, ஐந்தாவது தெரு கிருஷ்ணபிரசாத் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குள் புகுந்து, பின்பக்கமாக வெளியே வந்து மூச்சு வாங்கியது.

“ஏன் சார், எங்க தெருவ மட்டும் இம்புட்டுத் துண்டா வெட்டியிருக்கீங்க?” என்று கூட்டத்தில் எழுந்து கேட்டார் நாலாவது தெரு பாண்டிராஜ். அவனியாபுரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். மகள் பவதாரிணி டெங்குவில் கிடந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள்.

“நிர்வாக வசதி, தம்பி. தனிப்பட்ட முறையில...”

“அண்ணே, அதை விடுங்க. தண்ணி எப்பண்ணே வடியும்?”

பசுபதி சார் அடுத்த தாளைப் புரட்டினார். தீர்மானம் நிறைவேறியது.

பாண்டிராஜின் மனைவி தமிழ்வாணி பள்ளிக்கூட ஆசிரியை. பசுபதி சார் வீடு இருக்கும் பிளாக்கிலேயே, அவரை எதிர்த்தே நின்றார். நின்றவர் ஓட்டுக் கேட்க வேண்டாமா? முதல் தெரு வீடுகளில் நாலாவது தெருக்காரர்கள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. பசுபதி சார் இல்லாத நேரத்தில் தமிழ்வாணி அவர் வீட்டுக் கதவையும் தட்டினார்.

“எனக்கு ஓட்டுப் போட வேணாம்மா. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க, போதும்.”

பசுபதி சாரின் மனைவி பாகீரதி போனார். கூப்பிடு தூரம்தான், வந்த நாளிலிருந்து போனதில்லை. கல்லுக்குக் கல் தாவி, சேலையைத் தூக்கிப் பிடித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு தமிழ்வாணி வீட்டுக்குள் நுழைந்தார். மெலிந்த கையோடு பவதாரிணி டம்ளரில் காபி கொண்டுவந்தாள். பாகீரதி ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு வாங்கிக் குடித்தார்.

“இது எங்க வீட்டுத் தண்ணியா?” என்று ஜன்னல் வழியே கேட்டார்.

“எல்லா வீட்டுத் தண்ணியும்தாம்மா.”

மறுநாள் அவரே பக்கத்து வீட்டு சாருலதாவை அழைத்துப் போனார். சாருலதா இன்னும் இருவரை. இரண்டாவது தெருவிலும் இப்படித்தான் நடந்தது.

வீட்டில் பசுபதி சார் குதித்தார். “அவங்களோட உனக்கென்ன பேச்சு?”

“நீங்கதானேங்க ஒரே பிளாக்குல போட்டீங்க?”

ஓட்டு எண்ணினார்கள். ஐந்தில் நாலு போயிற்று. சொந்த பிளாக்கில் அவரே தமிழ்வாணியிடம் தோற்றார்.

“நீ யாருக்குப் போட்டே?” என்று கேட்டார்.

“ரகசிய வாக்கெடுப்புன்னு விதி எழுதினதே நீங்கதான்” என்று சொல்லிவிட்டு பாகீரதி தோசையைத் திருப்பிப் போட்டார்.

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அது எனக்கே பாவமாக இருந்தது. மழைக்கு முன்பே கால்வாய் வெட்டினார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். “வரைபடத்துல ஒரு தப்பும் இல்லப்பா” என்றார். “ஆளுங்கதான் நகந்துட்டாங்க.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அதோடு, போன மாதம் குடும்ப வாட்ஸ்அப் குழு இருக்கும்போதே, இரண்டு பேரை மட்டும் விட்டுவிட்டு இன்னொரு குழு ஆரம்பித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த இரண்டு பேருக்கும் அது தெரியாது என்றா நினைக்கிறீர்கள்?