மெட்டுத் திருடனைப் பிடிக்கப் போனேன்

மாடிவீட்டுக்காரன் ஒரு திருடன் என்று என் மனைவி முன்னால் நிரூபிக்காமல் ஓய்வதில்லை என்று சபதம் எடுத்தேன். அவன் திருடியது நகை நட்டு இல்லை. மெட்டு.

அவன் விளம்பரங்களுக்குப் பாட்டுப் போடுகிறவன். சின்ன வயசு. தலை நிறைய முடி. அதையே என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்த லட்சணத்தில், அவன் போட்ட சோப்பு விளம்பரப் பாட்டை என் மனைவி துணி மடிக்கும்போதெல்லாம் முணுமுணுக்கிறாள். முணுமுணுத்துவிட்டு, "அடடா, என்ன மெட்டு!" என்கிறாள். கல்யாணம் ஆன நாளாக என்னைப் பார்த்து "அடக் கடவுளே" என்றிருக்கிறாள். "அடப் பாவமே" என்றிருக்கிறாள். ஒரு "அடடா" சொன்னதில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி இறக்கும்வரை ரேடியோவில் பழைய பாட்டுதான். பாட்டென்றால் அந்தக் காலம்தான் ஐயா! இந்தக் காலத்தில் எல்லாம் சுட்டது. சுட்டதை மறுபடி சூடு பண்ணினது. ஒருநாள் ஒரு பெரியவருக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேடியோவில் வந்தது பாருங்கள், அதே சோப்பு மெட்டு! ஏதோ ஒரு காலத்துப் பழைய பாட்டில்! பெரியவரை முதல் எழுத்திலேயே நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பாட்டைப் போனில் தேடிப் போட்டேன்.

"கேளுடி! அவன் மெட்டும் இதுவும் ஒண்ணு!"

"ஆமா, ஒண்ணுதான். அவரே சொன்னாரே."

"அவரே சொன்னாரா? எப்ப? எங்க?"

"மொட்டை மாடியில. தினமும் துணி காயப் போடப் போவேன்ல, அப்ப."

"தினமும் காயப் போட நம்ம வீட்டுல துணி ஏதுடி?"

அதை அவள் காதிலேயே வாங்கவில்லை.

"உங்க பழைய பாட்டு மட்டும் என்னவாம்? அதுக்கும் முந்தின நாடகப் பாட்டுல இருந்து எடுத்ததாம். அதையும் போட்டுக் காட்டினாரு. அப்பவும் எடுத்தாங்க, இப்பவும் எடுக்கறாங்க. எடுத்து என்ன பண்ணாங்கங்கறதுதானே விஷயம்?"

"அப்ப மனுஷன் பாடினான்டி! இப்ப மெஷின் பாடுது!"

"அப்படின்னா நீங்க பாடுங்களேன். மெஷின் இல்லாம."

இதற்குத்தானே காத்திருந்தேன்! "இருங்க, காத்து வரட்டும்" என்று ஜன்னலை அகலத் திறந்துவிட்டாள். பாடினேன். உயிரைக் கொடுத்துப் பாடினேன். எதிர்வீட்டில் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. அவர்களுக்குக் குளிர்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

சரணம் முடிவதற்குள் மாடிக்காரன் தடதடவென்று இறங்கி வந்தான்.

"சார்! இந்தக் குரலுக்குத்தான் நாயா அலைஞ்சேன். இதை எவனாலயும் காப்பியடிக்க முடியாது. சுத்தமான ஒரிஜினல்! புது விளம்பரத்துக்கு நீங்கதான் பாடணும்."

"அடடா!" என்றாள் மனைவி. என்னைப் பார்த்து!

என்ன விளம்பரம் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. மறுநாள் அவன் அறையில், சுவரெல்லாம் மெத்தை ஒட்டியிருக்க, நடுவில் நின்று பாடினேன். ஒரே தடவையில் ஓகே! "எதையும் திருத்திடாதீங்க சார், இப்படியேதான் வேணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். பாவம், நல்ல பையன்தான். "நீங்க கடைக்குப் போங்க, நான் டீ டம்ளரைக் கழுவி வெச்சுட்டு வர்றேன்" என்றாள் கூட வந்திருந்த மனைவி. ஜெயித்த மனுஷன் டம்ளரையெல்லாம் சந்தேகப்படுவானா? கிளம்பிவிட்டேன்.

விளம்பரம் வருகிற அன்று கடை நிறைய ஆளைக் கூட்டி, ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்தேன். என் குரல் வந்தது. இரண்டு வரி. நெஞ்சை நிமிர்த்தினேன். உடனே ஒரு கனத்த குரல்: "உங்கள் தொண்டையும் இப்படி இருக்கிறதா? இன்றே குடியுங்கள் இந்த இருமல் மருந்தை!" மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம். அப்புறம் அதே இரண்டு வரியைத் தேனாகப் பாடியது ஒரு பெண் குரல்.

அது யார் குரல் என்று எனக்குத் தெரியாதா? தினமும் காலையில் என்னைத் திட்டி எழுப்புகிற குரல்!

கடையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில், ஆளாளுக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று. நான் போனை எடுத்தேன்.

"என்னடி இது? அந்த மாடிக்காரன் என்னை நல்லா ஏமாத்திட்டான்!"

"அவரை ஏங்க திட்டறீங்க? மருந்துக்கு முன்னாடி வர்ற குரலுக்கு யார் யாரையோ பாட வெச்சுப் பார்த்தாராம், ஒருத்தருக்கும் அவ்வளவு மோசமா வரலையாம். நான்தான், 'வெளியில எதுக்குத் தேடறீங்க, எங்க வீட்டுலயே ஆள் இருக்கு'ன்னு சொன்னேன்."